செப்பு, சாக்கு, பேடா

ஓசூரில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி, தொழிற்பேட்டைக்குள் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது. மின்சார ஸ்கூட்டருக்கான மோட்டாரை வடிவமைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். ஆனால் அங்கே யாரும் மோட்டாரைக் கையால் தொட்டுப் பார்த்ததில்லை. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். காந்தம், இரும்பு, கம்பிச்சுருள் எல்லாவற்றையும் படமாக வரைந்து, இதற்குள் கரண்ட் விட்டால் காந்தப்புலம் எப்படி ஓடும், சக்கரத்தை எவ்வளவு முறுக்கும், எங்கே சூடாகும் என்று கணக்குப் போடச் சொல்வோம். சிமுலேஷன் என்பார்கள்.

கணக்கைக் கம்ப்யூட்டர் போட்டுவிடும். அது போட்டு வைத்ததை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு ஃபைலாகத் திறக்க வேண்டும், டார்க் என்கிற முறுக்குவிசையின் கிராஃபை எடுக்க வேண்டும், காந்தப்புலப் படத்தை எடுக்க வேண்டும், எண்களை எக்செல்லில் ஒட்ட வேண்டும், அதை ரிப்போர்ட்டில் ஒட்ட வேண்டும். சுருளில் ஒரு சுற்றைக் கூட்டினால் மறுபடி முதலிலிருந்து. இந்த வேலைக்குத்தான் நான் இருந்தேன். எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். அம்மாவுக்கு ஒருமுறை போனில் இதை விளக்கிச் சொன்னபோது, "கம்ப்யூட்டர் போட்ட கணக்கப் பாத்து எழுதுறதுக்கா நாலு வருசம் படிச்ச?" என்று கேட்டாள்.

ஆபீசில் மூன்றே பேர். நான், முதலாளி, கர்நாடகா பக்கத்து அத்திப்பள்ளியிலிருந்து தினமும் பைக்கில் ஜூஜுவாடியைத் தாண்டி வரும் ஓர் அண்ணன். அவருக்கு வீட்டுப் பேச்சு கன்னடம். தமிழும் நன்றாகப் பேசுவார், அவசரம் வராதவரை. முதலாளி ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சப்ளையர்களிடம் கன்னடம், கஸ்டமரிடம் இங்கிலீஷ். எங்களிடம் நாலையும் கலந்து போட்டுப் பேசுவார். பதற்றம் வந்தால் மட்டும் மற்ற மூன்றும் கழன்று விழுந்துவிடும். தெலுங்கு மட்டும் மிஞ்சும்.

ஒரு திங்கட்கிழமை அவர் உற்சாகமாக வந்தார். கையில் ஒரு சின்ன மைக்.

"ஏம்மா, இனிமே நீ உக்காந்து உக்காந்து காப்பி பேஸ்ட் பண்ண வேணாம். ஏஜென்ட் வந்தாச்சு."

ஏஐ ஏஜென்ட். நாம் வாயால் சொன்னால் போதும். அதுவே சிமுலேஷன் ஃபைலைத் திறந்து, கேட்ட முடிவை எடுத்து, படம் போட்டு, ரிப்போர்ட்டும் எழுதி, பிரிண்டருக்கும் அனுப்பிவிடும். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அதில் தெலுங்கும் இல்லை, கன்னடமும் இல்லை. தமிழ் இருந்தது. முதலாளி தமிழை அழுத்தினார்.

"வணக்கம். எந்த முடிவுகளை எடுத்துத் தரட்டும்?" என்றது. டிவியில் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல்.

"டார்க் எவ்ளோன்னு பாரு," என்றார் முதலாளி.

டீ ஆறுவதற்குள் கிராஃப் வந்துவிட்டது. கோடு சரி, அளவு சரி, கீழே விளக்கம்கூட எழுதியிருந்தது. காலை முழுக்க நான் செய்கிற வேலை அது. அண்ணன் என்னைப் பார்த்து, "மேடம், நம்ம ரெண்டு பேரும் கீழ லேத்துல வேலை கேக்கலாமா?" என்றார்.

முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. மைக்கை வாய்க்கு அருகே இழுத்து, "ஆ, செப்பு செப்பு," என்றார். தெலுங்கில் அதற்குச் சொல்லு, சொல்லு என்று அர்த்தம்.

இயந்திரம் கொஞ்சம் யோசித்தது. பிறகு திரை முழுக்க ஓர் அட்டவணை விரிந்தது. "செப்பு இழப்பு விவரங்கள் இதோ," என்றது. சுருளில் கரண்ட் ஓடும்போது வீணாகச் சூடாகிப் போவதை காப்பர் லாஸ் என்போம். அதைத்தான் எடுத்துக் கொடுத்திருந்தது.

"நான் எப்பம்மா காப்பர் கேட்டேன்?"

"நீங்க செப்புன்னு சொன்னீங்க சார். தமிழ்ல அது காப்பர்."

"ஓ," என்றார். பிறகு மைக்கைப் பார்த்து, "அது இல்ல, வேற செப்பு," என்றார்.

வேறு காப்பர் இழப்பு வந்தது. இன்னொரு வேகத்துக்கானது.

பழந்தமிழில் செப்பு என்றால் சொல் என்றும் பொருள் உண்டு. ஆனால் ஏஜென்ட் புலவர் வேலைக்கு வரவில்லை, மோட்டார் கம்பெனிக்கு வந்திருந்தது. அந்த வாரம் முழுக்க முதலாளி எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரு செப்பு சேர்ந்துகொள்ளும், ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் கேட்காத காப்பர் லாஸ் வந்து நிற்கும்.

அடுத்து அண்ணனின் முறை. தேவையில்லாத கிராஃப் ஒன்றை அது எடுக்கப் போனது. அண்ணன் அவசரத்தில், "பேடா, பேடா," என்றார். கன்னடத்தில் வேண்டாம் என்று பொருள்.

"பேடா என்ற பெயரில் எந்தக் கோப்பும் இல்லை," என்றது ஏஜென்ட்.

அண்ணன் விடவில்லை. "சாக்கு, சாக்கு." போதும் என்கிறார்.

"சாக்கு, உங்கள் பொருள் பட்டியலில் இல்லை. அதன் காந்தப் பண்புகளை உள்ளிட விரும்புகிறீர்களா?"

அண்ணன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சாக்குல மோட்டார் செய்ய முடியுமா மேடம்?" என்று நிதானமாகக் கேட்டார். கிண்டலா, நிஜமாகவே சந்தேகமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்குள் ஒரு கர்வம் வந்திருந்தது. இந்த ஆபீசில் சுத்தத் தமிழ் பேசுகிறவள் நான்தானே. இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த இயந்திரத்தைக் குழப்புகிறார்கள் என்று நினைத்தேன். மைக்கை வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தக் கிராஃபக் கொஞ்சம் இங்கிட்டு நகட்டு," என்றேன்.

அது 'இங்கு இட்டு' என்று பிரித்துக்கொண்டது போலிருக்கிறது. அதே கிராஃபை அதே இடத்தில் இன்னொன்று ஒட்டியது.

"ஒன்னு போதும், இன்னொன்ன அங்கிட்டு தள்ளு."

மூன்றாவதாக ஒன்றை ஒட்டியது.

டீக்கடையில் அண்ணன் எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார், தோற்றுப்போன ஆளுக்குக் கொடுப்பது மாதிரி.

அன்றைக்கு அம்மா போன் செய்தபோது, வாய் தவறி, ஆபீசில் ஏஜென்ட் ஒருவர் வந்திருப்பதாகவும் என் வேலையில் பாதியை அவரே பார்ப்பதாகவும் சொல்லிவிட்டேன்.

"இன்சூரன்ஸ் ஏஜெண்டா?"

"இல்லம்மா. ஆபீஸ் வேலைக்கு."

"சின்ன வயசா?"

"போன வருசந்தான் வெளிய வந்துச்சு."

அம்மா அங்கே டிவி சத்தத்தைக் குறைத்தாள். "நல்லா பேசுவாப்லயா?"

"சுத்தத் தமிழ்ல பேசும்மா. ஆனா நான் சொல்றதுதான் புரிய மாட்டேங்குது."

"எல்லாப் பயலும் அப்படித்தான் இருப்பான். நீதான் அனுசரிச்சுப் போகணும்," என்றாள். மறுநாள் பெரியம்மா கூப்பிட்டு, பையன் என்ன படித்திருக்கிறான் என்று விசாரித்தபோதுதான் விஷயம் எங்கே போய்விட்டது என்று புரிந்தது. அது ஒரு சாஃப்ட்வேர் என்று விளக்கினேன். "சாஃப்ட்வேர்னா நல்ல சம்பளந்தான," என்றாள் பெரியம்மா. நான் போனை வைத்துவிட்டேன்.

அந்த மாதக் கடைசியில், பெங்களூரிலிருந்து ஒரு பெரிய ஸ்கூட்டர் கம்பெனியின் டிசைன் தலைவி எங்கள் வேலையைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் அம்மா, கறார் என்று கேள்வி. அவருக்குக் காட்ட நாங்கள் மூன்று டிசைன்களை வைத்திருந்தோம். மூன்றும் நன்றாக வந்தவை. ஏஜென்ட்டை வைத்து அவர் கண்முன்னே முடிவுகளை எடுத்து, பிரிண்ட் போட்டுக் கையில் கொடுப்பது என்று திட்டம்.

"இது வந்துட்டுதுன்னா, இவ்ளோ சின்ன ஆபீஸ்ல இவ்ளோ வேகமான்னு ஆடிப்போயிடுவாங்க," என்றார் முதலாளி. முன்னேற்பாடாக, செப்பு என்று சொல்லக்கூடாது என்று தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டார். இரண்டு நாள் பழகவும் செய்தார். தமிழ் வராத இடத்தில் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரு விஷயத்தை நாங்கள் மூன்று பேருமே யோசிக்கவில்லை. அந்த மூன்று நல்ல டிசைன்கள் இருந்த ஃபோல்டரிலேயே, தோற்றுப்போன டிசைன்களும் இருந்தன. அவற்றுக்குப் பெயர் வைத்தது நானும் அண்ணனும். வேலை ஓடாத நாளில் வைத்த பெயர்கள். 'ஃபைனல்', 'கடைசி ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்' என்று தொடங்கி, 'சனியன் மூணு', 'மிக்ஸி சத்தம்', 'பாஸ் சொன்னது வெளங்காது ரெண்டு' என்று போயிருந்தது.

அந்த அம்மா அத்திப்பள்ளி டிராஃபிக்கில் வெகுநேரம் மாட்டிக்கொண்டு, முகம் கடுகடுக்க வந்து சேர்ந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். "ப்ளீஸ் ஷோ," என்றார்.

முதலாளி மைக்கை எடுத்து, மேடையில் பேசுவது போல, "மூன்று நல்ல டிசைன்களின் முடிவுகளை எடுத்து அச்சிடு," என்றார். ஒரு பிசகு இல்லை. ஏஜென்ட் எடுத்தது, பிரிண்டர் ஓடியது, வண்ண வண்ணமாகக் காந்தப்புலப் படங்கள் வந்தன. அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் கொஞ்சம் தளர்ந்தது.

அப்போது ஏஜென்ட் தானாகப் பேசியது. "மூன்றும் முடிந்தன. இந்தத் தொகுப்பில் மேலும் பல வடிவமைப்புகள் உள்ளன. அவற்றையும் எடுத்து அச்சிடட்டுமா?"

முதலாளிக்கு முகம் வெளுத்தது. வாயில் தெலுங்குதான் வந்தது.

"ஆகு," என்றார். நில் என்று பொருள்.

"ஆகட்டும். நன்றி. அனைத்தையும் அச்சிடுகிறேன்."

"ஆகு, ஆகு."

"ஆகிக்கொண்டிருக்கிறது."

பிரிண்டர் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏஜென்ட் மரியாதையாக ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தது. "கடைசி ஃபைனல். முடிந்தது. இதுதான் ஃபைனல். முடிந்தது. சனியன் மூன்று. முடிந்தது."

அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பேடா," என்று கத்தினார்.

"பேடா என்ற பெயரில் எந்தக் கோப்பும் இல்லை. மற்றவற்றைத் தொடர்கிறேன்."

அடுத்து வரப்போகிற பெயர் எதுவென்று எனக்குத் தெரியும். முதலாளியின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, "நிப்பாட்டு," என்றேன். எங்கள் ஊரில் மாட்டு வண்டியிலிருந்து மாவு மில் வரை எல்லாம் அந்தச் சொல்லுக்கு நிற்கும்.

அது 'நீ பாட்டு' என்று கேட்டுக்கொண்டது.

"மன்னிக்கவும், என்னால் பாட இயலாது," என்றது. "பாஸ் சொன்னது வெளங்காது இரண்டு. முடிந்தது."

நானும் நிப்பாட்டு என்கிறேன், அண்ணன் சாக்கு என்கிறார், முதலாளி ஆகு என்கிறார். அது ஒருத்திக்குப் பாட்டு வராது என்றும், ஒருவருக்குச் சாக்கு கிடையாது என்றும், ஒருவருக்கு ஆகிக்கொண்டிருக்கிறது என்றும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வேலையைப் பார்த்தது. கோபமே இல்லாத குரல். பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கலாம் என்று குனிந்தேன். அது தண்ணீர்க் கேனுக்குப் பின்னால் இருந்தது, கேன் நகரவில்லை.

கடைசியில் அந்த அம்மா மேஜை மேல் லேசாகத் தட்டி, "ஸ்டாப்," என்றார்.

நின்றுவிட்டது.

பஸ்ஸில் ஏறிய எல்லாருக்கும் தெரிந்த சொல். மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை.

அந்த அம்மா பிரிண்டரிடம் போய் தாள்களை அள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் பெயர் பெரிய எழுத்தில், இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது.

"வெளங்காது, மீன்ஸ்?" என்று கேட்டார்.

அண்ணன் உதவி செய்வதற்காக வாயைத் திறந்தார். முதலாளி முந்திக்கொண்டார். "அண்டர் ஸ்டடி, மேடம்."

"சனியன்?"

"சாட்டர்ன், மேடம். ப்ராஜெக்ட் பேரு."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "மா இன்ட்லோ கூட ஒகடு உன்னாடு," என்றார். அவர் நெல்லூர்க்காரர். எங்கள் வீட்டிலும் ஒருத்தன் இருக்கிறான் என்று சொன்னார்.

முதலாளிக்கு அது புரிந்து, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல், ஒரு மாதிரி இருமினார். அப்புறம் அந்த அம்மாவே சிரித்தார். எங்களுக்கும் மூச்சு வந்தது.

அதற்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் அந்த மூன்று நல்ல டிசைன்களையும் ஓரமாக வைத்துவிட்டு, 'மிக்ஸி சத்தம்' ஏன் சத்தம் போடுகிறது என்று கேட்டார். அண்ணன் அதற்கு விளக்கம் சொன்னார். காந்தத்துக்கும் கம்பி சுற்றும் இரும்புப் பல்லுக்கும் நடுவே இழுபறி அதிகம், மெதுவாகப் போகும்போது அதிரும் என்றார். பிறகு 'வெளங்காது ரெண்டு'. அது முதலாளி சொன்ன யோசனை, சுருளில் சுற்றுகளைக் கூட்டிப் பார்த்தது. சூடாகிவிட்டது. அதை நான் சொன்னேன், முதலாளியைப் பார்க்காமல். மற்ற கம்பெனிகள் எல்லாம் மூன்று நல்ல டிசைன் காட்டுவார்கள், எது ஓடாது என்று அவர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்றே எனக்குத் தெரிய மாட்டேன் என்கிறது என்று அவர் சொன்னார். இங்கிலீஷும் தெலுங்குமாகக் கலந்து சொன்னார், முதலாளி மெதுவாக எங்களுக்குத் தமிழில் சொன்னார். டிராஃபிக்கில் படிக்கலாம் என்று தாள்கட்டு முழுவதையும் காருக்கு எடுத்துப் போனார்.

வேலை கிடைத்தது. முதலில் சின்ன வேலைதான், ஒரே ஒரு மோட்டார்.

அன்று சாயங்காலம் நான் பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மாடிப்படியில் இறங்கப் பார்த்தேன்.

"ஏம்மா," என்று முதலாளி கூப்பிட்டார்.

"சார்."

"வெளங்காது ரெண்டு பாத்தேன். ஒன்னு எங்க?"

"அது டெலீட் பண்ணியாச்சு சார்."

"அது யாரு சொன்னது?"

"அதுவும் நீங்க சொன்னதுதான் சார்."

அவர் தலையை ஆட்டினார். "ஒழுங்கா பேரு வைங்கம்மா," என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து ஃபைல்களுக்கு எண்தான். அண்ணனுக்கு அதில் வருத்தம். எண்ணைப் பார்த்தால் எது எதுவென்று ஞாபகமே வர மாட்டேன் என்கிறது என்பார்.

முதலாளியை அந்த நாள் ரொம்பவே பாதித்துவிட்டது. இனி வாயில் தெலுங்கே வரக்கூடாது என்று, எந்நேரமும் புத்தகத் தமிழ் பேசிப் பழகத் தொடங்கினார். எங்களிடம், "கோப்பைத் திறக்கவும்" என்பார். டீக் கொண்டு வருகிறவரிடம், "சர்க்கரையைத் தவிர்க்கவும்" என்பார். அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னிடம், "சாருக்கு எதாச்சும் எலெக்சன்ல நிக்கற ஐடியாங்களா?" என்று விசாரித்தார்.

ஒருநாள் முதலாளியின் மனைவி ஆபீசுக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"அங்க அவருக்கு ஏதாவது ஆச்சாம்மா?"

"இல்லீங்க மேடம், நல்லாத்தான் இருக்காரு."

"வீட்ல தெலுங்கே பேச மாட்றாரு. நேத்து சாப்பாடு போட்டா, 'தயவுசெய்து நிறுத்தவும்'ங்கறாரு. பஸ் ஸ்டாண்டுல சொல்ற மாரி. எங்க மாமியாரு பயந்து போயி திருஷ்டி சுத்திப் போட்டாங்க."

நான் விவரத்தைச் சொன்னேன். ஒரு மிஷின் பேச்சைக் கேட்பதற்காகவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நான் இருபது வருசமா பேசறேன், அத ஒரு நாள் கேட்டிருப்பாரா?" என்றார்.

சில மாதங்கள் கழித்து ஏஜென்ட்டில் ஒரு மாற்றம் வந்தது. மொழிப் பட்டியலில் தெலுங்கையும் கன்னடத்தையும் சேர்த்திருந்தார்கள். முதலாளி அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து போனார். கதவைச் சாத்தச் சொன்னார். லேத் சத்தம் உள்ளே வரக்கூடாதாம். தெலுங்கை அழுத்திவிட்டு, அத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் மடமடவென்று பேசினார். டார்க் எடு, காந்தப்புலப் படம் எடு, போன வாரத்துக்கும் இதற்கும் ஒப்பிட்டுச் சொல்லு என்று ஒரே மூச்சில் சொல்லி, கடைசியில் நிம்மதியாக ஒரு செப்பு போட்டார்.

ஏஜென்ட் யோசித்தது. தெலுங்கில் ஏதோ சொன்னது.

முதலாளி மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் சொல்லுது?" என்று அண்ணன் கேட்டார்.

"தெலுங்குல பேசச் சொல்லுது."

எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. அது படித்து வந்தது விஜயவாடாத் தெலுங்கு. இவர் பேசுவது ஓசூர்த் தெலுங்கு, பாதிக்கு மேல் தமிழ், நடுநடுவே கன்னடம். அவர் மறுபடி பேசினார், மெதுவாக, விட்டுவிட்டு. மறுபடியும் அதே பதில். அண்ணன் தன் பங்குக்குக் கன்னடத்தை அழுத்திப் பார்த்தார். அத்திப்பள்ளிக் கன்னடத்துக்கும் அதே கதிதான்.

முதலாளி மைக்கின் ஒயரைக் கழற்றி, நன்றாகச் சுற்றி, டிராயருக்குள் வைத்தார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"டார்க்குக்கு இங்கிலீஷ்ல கடைசில க்யூவாம்மா, கேவா?" என்று கேட்டார்.

"க்யூ சார். அதுக்கப்புறம் யூ, ஈ."

ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.